மண்படி

ஈச்சங்காடு, கரியாலூர் வழி
12.7.1994

தம்பி சின்னதுரைக்கு அக்கா ராஜாம்பாள் எழுதுவது. நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் சுகம். குடகில் மழை விடாமல் அடிக்கும் என்று எழுதியிருந்தாயே, உன் இருமல் இப்போது எப்படி? காபித் தோட்டத்து முதலாளிக்கு உன் இருமல் கேட்காது. நீதான் சுக்கு தட்டிப் போட்டுக் குடிக்க வேண்டும்.

இங்கே ஒரு விவகாரம். காட்டுக்கு எல்லை கட்டப்போகிறார்களாம். மலையிலேயே வேர் விட்ட பூர்வகுடி யார், பிறகு வந்து குடியேறியவர் யார் என்று விசாரிக்க ஒரு ஆபீசர் ஐயா வந்தார். பூர்வகுடிக்கு வீடும் காடும் அப்படியே இருக்கும். வந்து குடியேறியவர்களை இறக்கி, கச்சிராயபாளையம் பக்கம் ஆளுக்கு ஒரு வீட்டு மனை கொடுப்பார்களாம். உழ நிலம் கிடையாது.

ஐயா பலாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "நீங்கள் எத்தனை காலமாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நம் ஆட்களுக்குத்தான் கீழ்நாட்டார் யாரைப் பார்த்தாலும் ஒரு வீம்பு வந்துவிடுமே, நம்மைக் காட்டான் என்று நினைத்துவிடக் கூடாது என்று! "நாங்க இங்க பொறந்த ஆளுங்க இல்லீங்க, காஞ்சிபுரத்து ஆளுங்க" என்று தொடங்கி முழுக் கதையும் நடந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர் சாமியைத் தலையில் சுமந்து மலை ஏறியது, இங்கிருந்த வேடரை அடித்து விரட்டியது, காட்டைத் திருத்தியது எல்லாம். "எந்த வருஷம்?" என்று ஐயா கேட்டார். கதைக்கு வருஷம் ஏது? நேற்று மத்தியானம் நடந்ததுபோலத்தான் சொன்னார்கள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

நேற்று நோட்டீஸ் வந்தது. நாம் குடியேறியவர்களாம். ஈச்சங்காடு மொத்தமும் இறங்க வேண்டுமாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரியாகத்தான் இருக்கிறது. நம் மேட்டுக்காடு போனால் நமக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.
உன் அக்கா, ராஜாம்பாள்


குடகு
20.8.1994

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சின்னதுரை. இருமல் போய்விட்டது, அட்டைக்கடி மட்டும் போகவில்லை. மாமாவின் முழங்கால் வலிக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கதையைச் சொன்ன வாய் எது? பெயரை எழுது. பல்லை உடைக்கத்தான் கேட்கிறேன், மறைக்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் யார்?

பதினைந்தாம் தேதி இங்கே கொடியேற்றினார்கள். முதலாளி லட்டு கொடுத்துப் பேசினார். அவர் தாத்தா வரும்போது இது ஆளே இல்லாத காடாம், அவர் கை பட்டுத்தான் தோட்டம் ஆனதாம். நாடும் அப்படிப்பட்ட பெரியவர்களால்தான் உண்டானது, நாற்பத்தேழில் எல்லாருக்கும் விடுதலை வந்தது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த விடுதலை நம் மலை ஏற எழுபத்தாறு ஆயிற்றே! அதுவரை மலையை ஆண்ட ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்தவர்தானே நம் அப்பா? அப்படிக் கிடைத்த காட்டையா இப்போது விட்டு இறங்குவது?

வழி ஒன்றுதான். கதை சொன்ன ஆளே போய், அது திருவிழாப் பாட்டு, சுத்தப் பொய் என்று சொல்லட்டும். பெயரை மறக்காமல் எழுது. அப்பாவுக்கு என் கும்பிடு.

தம்பி, சின்னதுரை


ஈச்சங்காடு
8.9.1994

தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம். அட்டைக்குச் சுண்ணாம்பு தடவு.

செவலை கிடாரிக் கன்று போட்டது. சாமை இந்த வருஷம் நல்ல விளைச்சல், காட்டுப்பன்றிதான் விடமாட்டேன் என்கிறது. பெரியவன் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து ஒரு சோப்பு டப்பா வாங்கி வந்தான். உன் மாமா அதில் புகையிலை போட்டு வைத்துக்கொண்டார்.

நோட்டீசுக்கு ஆட்சேபம் கொடுத்தோம். தை மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மறுவிசாரணை. முதலில் வாக்குமூலம் கொடுத்தவரே நேரில் வந்து பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பார்ப்போம்.

அப்பா நன்றாக இருக்கிறார். நீ வெயில் மழை பார்த்து நடந்துகொள்.

அக்கா, ராஜாம்பாள்


குடகு
29.9.1994

அக்காவுக்கு, இங்கே நான் சுகமாக இருக்கிறேன், நீ சுகமாக இருப்பதாக எழுதியதை நான் நம்பவில்லை.

கன்று போட்ட மாட்டின் நிறம் எழுதினாய், சோப்பு டப்பா எழுதினாய். நான் கேட்ட பெயரை மட்டும் எழுதவில்லை. மாமாவா அது? மாமா என்றால் சொல்லிவிடு, முழங்காலுக்குத் தைலம் கிடையாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. நீ எழுதும் எந்தக் கடிதத்திலும் கடைசியில் அப்பா இரண்டு வரி சொல்லச் சொல்லி எழுதுவாயே! "காட்டுல தனியா போகாத", "கடன் வாங்காத" என்று ஏதாவது இருக்கும். போன இரண்டு கடிதத்திலும் அது இல்லை. நீயாக "நன்றாக இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கு என்ன? உடம்பா, மனசா? என்னிடம் மறைத்தால் நான் பழம் பறிக்கும் சீசனையும் விட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவேன்.

உடனே பதில் வேண்டும்.
சின்னதுரை


ஈச்சங்காடு
10.11.1994

தம்பி, இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. உடம்புக்கு எங்களில் யாருக்கும் குறைவில்லை. இரண்டு முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கதை சொன்னது அப்பாதான்.

பல்லை உடைப்பேன் என்று நீ எழுதியதை வைத்துக்கொண்டு நான் எப்படி அந்தப் பெயரை எழுதுவது? அன்று அவரைப் பார்த்திருக்க வேண்டும். தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு போனார். இத்தனை காலத்தில் ஒரு ஆபீசர் வந்து "நீங்க யாரு, சொல்லுங்க" என்று கேட்டு உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே பெருமையாகப் பார்த்தது. நானும்தான்.

நோட்டீஸ் வந்த நாளிலிருந்து ஊரில் யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவரை அரிக்கிறது. காட்டில் பரண் மேலேயே இருக்கிறார். பன்றி விரட்டுகிறேன் என்று சாக்கு. கொண்டுபோகும் கூழில் பாதி மிஞ்சி வருகிறது.

நீ எழுதிய வழியைச் சொன்னேன். கதை பொய் என்று ஐயாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். அவர் இதுவரை என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. "எங்கப்பன் பொய் சொன்னானா? அவுங்கப்பன் பொய் சொன்னானா? காடு போனா போவட்டும்டி. எஞ்சாமி மேல கை வெச்சிக்கினு அது பொய்யின்னு சொல்லமாட்டேன். கட்டையில போற வயசுல என்னை இன்னா சொல்லச் சொல்றே?" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

நீ கிளம்பி வராதே. சீசன் கூலியை விட்டுவிட்டு வந்தால் அதற்கும் சேர்த்து அவர் வருத்தப்படுவார். ஏதாவது யோசனை இருந்தால் எழுது.

அக்கா


குடகு
24.11.1994

அக்காவுக்கு, உங்கள் எல்லாருடைய சுகத்தையும் சாமி பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுதியதை எல்லாம் அழித்துவிட முடிந்தால் நன்றாக இருக்கும். அப்பாவிடம் அந்தப் பல் விஷயத்தைச் சொல்லிவிடாதே.

யோசனை ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பேச்சு மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதை எழுதுகிறேன். எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் மாரன் என்று ஒருவன் இருக்கிறான். தேன் எடுக்கிற குடி. என்னோடுதான் பழம் பறிக்கிறான். முதலாளி சொன்ன ஆளே இல்லாத காட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. மாரன் சிரித்தான். "அவர் தாத்தா வந்தபோது என் தாத்தா அந்த மரத்து மேலே தேன் எடுத்துக்கொண்டிருந்தார். கீழே இருந்து பார்த்தவருக்கு ஆள் தெரியவில்லை போல" என்றான்.

எனக்கும் சிரிப்பு வந்தது, உடனே நின்றுவிட்டது. நாமும் வேடரை விரட்டினோம் என்றுதானே ஒவ்வொரு திருவிழாவிலும் கம்பைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறோம்? நான் எத்தனை வருஷம் ஆடியிருக்கிறேன்! விரட்டப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவர்களுக்கு யார் கச்சிராயபாளையத்தில் மனை கொடுத்தார்கள்? அப்பா சொல்வது உண்மை என்றால், அவர்கள் ஜனம் என்ன ஆனது அக்கா?

இதைக் கேட்டு உனக்கு என்ன உபயோகம் என்று தெரியவில்லை. அப்பாவைக் கட்டாயப்படுத்தாதே. கூழோடு கருவாடு சுட்டுக் கொடு, அதைத் தட்டமாட்டார்.

தம்பி, சின்னதுரை


ஈச்சங்காடு
22.1.1995

தம்பி, சுகம், சுகம். உண்மையாகவே சுகம் என்று இந்தத் தடவை எழுதுகிறேன். காரணம் கேள்.

நம் காசியம்மாள் அத்தை மகள் கண்ணகிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வெள்ளிமலைப் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் தாரை தப்பட்டையோடு ஊர் எல்லைக்கு வந்தார்கள். நாங்கள் பெண்கள் எல்லாம் வழக்கம்போல உலக்கையை வழியில் குறுக்கே போட்டு நின்றோம். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யாரு நீங்க? எங்கேர்ந்து வர்றீங்க?" என்று அதட்டினாள். மாப்பிள்ளை, "காஞ்சியிலேர்ந்து வர்றோம். தங்க இடம் கேக்க வந்தோம்" என்றான். "நாங்க இங்கியே இருந்தவங்க. எங்க மண்ணுல ஒக்கார இன்னா தருவே?" அவன் ஒரு படி சாமையை அளந்து மண்படி கொடுத்தான். உலக்கையை எடுத்தோம். எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான். என் கல்யாணத்தில் உன் மாமா படியைத் தவறவிட்டுச் சாமையைக் கொட்டினாரே, அதே சடங்குதான்.

நானும் சிரித்துக்கொண்டே, "இங்கியே இருந்தவங்க" என்று கூடச் சேர்ந்து கத்தினேன். கத்திய வாய் அப்படியே நின்றுவிட்டது. உன் கேள்விதான் நினைவுக்கு வந்தது. வேடர் ஜனம் என்ன ஆனது என்று கேட்டாயே. அடப்பாவி, பாதி ஜனம் உலக்கையோடு வழியில் நிற்கிறது!

இத்தனை வருஷம் ஒரு கல்யாணம் தவறாமல் சொன்ன வார்த்தை. சொன்ன நாங்களும் யோசிக்கவில்லை, கேட்ட ஆண்களும் யோசிக்கவில்லை.

பந்தியைக்கூடப் பார்க்காமல் பரணுக்கு ஓடினேன். அப்பாவிடம் சொன்னேன். நீ எதையும் பொய் என்று சொல்ல வேண்டாம், மிச்சத்தை நான் சொல்கிறேன் என்றேன். அவர் பரணை விட்டுக் கீழே இறங்கினார். பிறகு, "கல்யாணச் சோறு கொண்டாந்தியா?" என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது.

பத்து நாளில் விசாரணை. வேண்டிக்கொள்.
அக்கா


ஈச்சங்காடு
3.2.1995

தம்பி, உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. நேற்று முன்தினம் கள்ளக்குறிச்சி போய் வந்தோம். பஸ்ஸில் அத்தைக்கு வாந்தி. மற்றபடி எல்லாரும் சௌக்கியம், அதைவிட மேலான சௌக்கியம்.

அதே ஐயாதான். அப்பாவைக் கூப்பிட்டுப் பழைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். "இது நீங்கள் சொன்னதுதானே?"

"நான் சொன்னதுதாங்க."

"இப்போது மாற்றிச் சொல்லப்போகிறீர்களா?"

அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஒரு சொல்லும் மாத்தலீங்க. ஆனா நான் சொன்னது பாதிதாங்க. மீதி பொம்பளைங்களோடது. அதை நான் சொல்லக்கூடாது. எம்மவ வந்துக்கிறா" என்றார்.

நான் முன்னால் போய் நின்றேன். நாக்கு தடுமாறவில்லை, என் நாக்கைப் பற்றி உனக்குத்தான் தெரியுமே. "ஐயா, காஞ்சியிலேர்ந்து வந்தவங்க மூணு பேரும் ஆம்பளைங்க. அந்தக் கதையில ஒரு பொம்பளகூட மலை ஏறல. அப்ப நாங்க எப்படி வந்தோம்? இங்க இருந்த வேடர் வூட்டுப் பொண்ணுங்களைத்தான் அவுங்க கட்டுனாங்க. நாங்க அந்த வூட்டு மக்க. நாங்க எங்கிருந்தும் வரலீங்க. இருந்தோம்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை வெளியே நிறுத்திவிட்டு, அத்தையை, சின்னப்பொண்ணுவை, மேலத்தெருப் பெரியம்மாளை ஒவ்வொருத்தராக உள்ளே கூப்பிட்டு, கல்யாணத்தில் எல்லையில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "இதை ஏன் அன்றே சொல்லவில்லை?" என்று அத்தையிடம் கேட்டாராம். "நீ கேக்கலியே சாமி. கட்டில்ல ஒக்காந்துக்கினு ஆம்பளைங்களையே கேட்டுக்கினு இருந்தே. நாங்க ஒனக்கு டீ போட்டுக்கினு இருந்தோம்" என்றாளாம். ஐயா வாய்விட்டுச் சிரித்த சத்தம் எங்களுக்கு வெளியே கேட்டது.

பூர்வகுடி என்றே எழுதிவிட்டார். அதை எங்கள் முன்னாலேயே படித்தும் காட்டினார். நோட்டீஸ் ரத்து. ஈச்சங்காட்டில் ஒருவரும் இறங்க வேண்டாம். மேட்டுக்காடு நமக்குத்தான்.

திரும்பும்போது அப்பா பஸ் ஸ்டாண்டில் நான்கு இட்லி தின்று, இன்னும் இரண்டு கேட்டார். உனக்கு இரண்டு வரி எழுதச் சொன்னார், அப்படியே எழுதுகிறேன்: "காடு இருக்குது. நீ கடன் வாங்காத."

அக்கா, ராஜாம்பாள்


குடகு
18.2.1995

அன்புள்ள அக்கா, நான் நலம் என்று எழுதினால் போதாது. கடிதத்தைக் காபி காயவைக்கும் களத்தில் வைத்துப் படித்துவிட்டுக் கூவியதில் மேஸ்திரி ஓடிவந்தார், பாம்பு கடித்துவிட்டது என்று. அப்பாவின் இரண்டு வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மனசிலிருந்த பாரம் இறங்கிவிட்டது.

மாரனுக்கு முழுவதும் சொன்னேன். உலக்கைக் கதையைக் கேட்டு முதலில் நன்றாகச் சிரித்தான். பிறகு, "நிஜமாகவே ஒரு படி அளந்து கொடுப்பார்களா? ஒவ்வொரு கல்யாணத்துக்கும்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எங்களுக்கு யாரும் ஒரு கைப்பிடிகூடக் கொடுத்ததில்லை" என்றான்.

மறுநாள் ரேஷன் அரிசியில் ஒரு படி எடுத்துக்கொண்டு அவன் குடிசைக்குப் போனேன். நான் படுத்துறங்குகிற லைன் வீடும் அவன் ஆட்கள் இருந்த இடம்தானே. அவன் வாங்கி வைத்துக்கொண்டு, "நீ ஏழை, உனக்கு ஒரு படி போதும். முதலாளியை ஒரு லாரி கொண்டுவரச் சொல்" என்றான். இருவரும் சிரித்தோம். ஆனாலும் அக்கா, எனக்கு ராத்திரி முழுக்க ஒருமாதிரி இருந்தது.

மாமாவுக்குத் தைலம் உண்டு என்று சொல். அத்தைக்கு என் கும்பிடு.
தம்பி, சின்னதுரை


ஈச்சங்காடு
30.4.1995

தம்பிக்கு, எல்லாரும் நலமாக இருக்கிறோம். வெயில் கொளுத்துகிறது. பலா காய்த்துத் தொங்குகிறது, தின்ன நீதான் இல்லை.

நம் சாமி கரியராமன் திருவிழா முடிந்தது. அப்பாதான் பாட்டு எடுத்தார். குரலில் பழைய கணீர் திரும்பிவிட்டது. மூவரும் மலை ஏறினார்கள், சாமி கனத்தது, கல்லில் இறக்கினார்கள். அடுத்து வேடரை விரட்டுகிற இடம். இளவட்டங்கள் கம்பைத் தூக்கிவிட்டார்கள், மேளக்காரன் கையை ஓங்கிவிட்டான். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். எங்கள் பக்கம் திரும்பி, "அன்னிக்கு இன்னா ஆச்சு, நீங்க சொல்லுங்க" என்றார்.

எங்களுக்கு அதற்குப் பாட்டு கிடையாது. யாரும் கேட்டதில்லை, அதனால் யாரும் கட்டவில்லை. கடைசியில் காசியம்மாள் அத்தைதான் எழுந்தாள். பாடவில்லை, பேசினாள். "ஓடுனவங்க எங்க அண்ணந்தம்பிங்க. நாங்க இங்கியே நின்னுட்டோம். அவுங்க எந்தப் பக்கம் போனாங்கன்னு இன்னி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. இருக்காங்களா இல்லியான்னும் தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இளவட்டங்கள் கம்பைக் கீழே போட்டார்கள். யாரும் போடச் சொல்லவில்லை. அப்பா பாட்டை மேலே தொடர்ந்தார்.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எனக்கும் ஒரு தம்பி இந்த மலையை விட்டுப் போயிருக்கிறான். ஆனால் அவன் எந்தப் பக்கம் போனான் என்று எனக்குத் தெரியும், விலாசமும் இருக்கிறது, தபால்தலை ஒட்டினால் போய்ச் சேரும். அந்தப் பெண்களுக்கு இது இல்லை.

காடு நம்முடையது. மழைக்கு முன்னால் உழ வேண்டும், மாமாவின் முழங்காலை நம்ப முடியாது. சீசன் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பி வா.

உன் அக்கா, ராஜாம்பாள்